மனையின் தண்ணீர் வில்லங்கம்

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையே ஏறத்தாழ 140 செ.மீ.தான், அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. அடையாறு கரை மீறி ஊருக்குள் புகுந்தது. அடுத்த சில நாள்களில் செயற்கைக்கோள் படங்கள் வெளியாகி, எந்தெந்தப் பகுதி மூழ்கிக் கிடக்கிறது என்று வண்ணமிட்டுக் காட்டின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அப்படியே. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் என்று நமக்குப் பழகிப்போன பெயர்களே மறுபடியும் அடிபட்டன. மீட்புப் படகை எங்கே அனுப்புவது, நிவாரணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க இத்தகைய படங்கள் உதவுகின்றன, அதில் ஐயமில்லை. ஆனால் வெள்ளம் வந்த பிறகு எடுக்கும் படத்தோடு நம் நகரங்கள் நின்றுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஒரு நகரத்துக்குச் செயற்கைக்கோள்கள் தரக்கூடிய ஆகப் பெரிய உதவி, அவை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருக்கும் பழைய படங்களில் இருக்கிறது. அந்தப் படங்களைப் பேரிடர் மேலாண்மை அறையில் மட்டும் விரித்துப் பயனில்லை. கட்டட அனுமதி தரும் மேசையிலும் மனை கைமாறும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் அவற்றுக்கு இடம் வேண்டும்.

அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. 1984 மார்ச்சில் சென்ற லேண்ட்சாட் 5, மூன்று ஆண்டு உழைத்தால் போதும் என்று செய்யப்பட்டது; 2013 வரை உழைத்தது. இன்று அந்த வரிசையில் 8-ஆம் எண்ணும் 9-ஆம் எண்ணும் 705 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தின் மேல் வரும். இரண்டையும் சேர்த்தால் 8 நாளுக்கு ஒரு படம். 1988-இல் இந்தியாவும் ஐ.ஆர்.எஸ்.-1ஏ மூலம் சொந்தமாகப் படமெடுக்கத் தொடங்கியது. பெரிய திருப்பம் 2008-இல் வந்தது. அதுவரை சில நூறு டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்த லேண்ட்சாட் படங்களை அந்த ஆண்டு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பு ஓர் ஆய்வாளர் ஒரு நகரத்துக்கு இரண்டு படம் வாங்கி, அன்றும் இன்றும் என்று ஒப்பிடுவதே பெரிய காரியம். இப்போது ஒரே இடத்தின் நூற்றுக்கணக்கான படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2, 2015 முதல் 10 மீட்டர் நுணுக்கத்தில் எடுக்கும் படங்களும் இலவசம். 2023-இன் இந்திய விண்வெளிக் கொள்கையும் 5 மீட்டரும் அதற்கு மேலும் கட்ட அளவுள்ள படங்களை விலையின்றித் தரலாம் என்கிறது. ஆகவே பணமில்லை, படமில்லை என்ற காரணம் எந்த மாநகராட்சிக்கும் இனி இல்லை.

லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் நாலு கிரவுண்டு. அந்த நாலு கிரவுண்டிலிருந்து திரும்பி வரும் சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் பல அலைவரிசைகளில் பிரித்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அலைகளில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் அவற்றை ஏறத்தாழ முழுக்க விழுங்கிவிடும். அதனால் அந்தக் கட்டம் இருட்டாக விழும். பச்சை இலை அகச்சிவப்பின் ஒரு பகுதியை வலுவாகத் திருப்பி அனுப்பும். காய்ந்த மண் இன்னொரு விதம், கான்கிரீட் வேறொரு விதம். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு, ஓராண்டு அது எப்படி மாறும் என்று பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இருண்டு கிடக்கும். தை மாதத்தில் தண்ணீர் இறங்கி, கோரையும் சம்பும் எழும். அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும். சித்திரையில் வெடித்த மண். அடுத்த ஐப்பசியில் மறுபடியும் இருட்டு. இப்படிப் பல ஆண்டுகள் தவறாமல் நடந்த தாளம் ஏதோ ஓர் ஆண்டில் அறுந்துபோகும். ஐப்பசியிலும் அந்தக் கட்டம் இருளாது. கொட்டிய மண்ணின் வெளிச்சம் தெரியும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கான்கிரீட்டின் எண்கள் வரும். வெப்ப அலைவரிசையில் சூடு ஏறும். அதே சமயம் பக்கத்துக் கட்டங்களைக் கவனித்தால், முன்பு தண்ணீர் நிற்காத இடங்களில் நிற்கத் தொடங்கியிருக்கும். தண்ணீர் எங்கும் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பத்திரத்தில் இது எதுவும் இருக்காது. பட்டாவிலும் இருக்காது.

இந்தக் கணக்கை உலகம் முழுமைக்கும் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜான்-ஃபிரான்சுவா பெக்கெல் குழுவினர் 1984 முதல் 2015 வரையிலான ஏறத்தாழ 30 லட்சம் லேண்ட்சாட் படங்களை அலசி, 2016-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பூமியில் எந்தெந்தக் கட்டத்தில் எத்தனை விழுக்காடு நேரம் தண்ணீர் நின்றது, எங்கே நின்றுபோனது, எங்கே புதிதாக வந்தது என்று காட்டும் அந்த வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பின்னர் அதை 2021 வரை நீட்டித்தார்கள்.

தென்சென்னையில் இந்தக் கணக்கு எங்கே போய் முடிகிறது என்பதற்குப் பள்ளிக்கரணையே சான்று. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்திருந்த சதுப்பு நிலம் அது. தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக விடும் உபரி நீர் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேரும். 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் ஏறிய பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். மிச்சம் குப்பைக் கிடங்கு, சாலை, கல்வி வளாகம், தகவல் தொழில்நுட்ப அலுவலகம், அடுக்குமாடி என்று கரைந்துவிட்டது. வரத்துக் கால்வாய்கள் பலவும் இடையிலேயே காணாமல் போயின. இந்த மாற்றம் ஒரே நாளில் நடந்ததில்லை. ஒவ்வொரு கோப்பாக நடந்தது. இங்கே கட்டட அனுமதி கேட்டால், வெள்ள அபாயம் குறித்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். மனையை இத்தனை மீட்டர் மண் கொட்டி உயர்த்திக்கொள் என்பது அதில் வழக்கமாக வரும் நிபந்தனை. தனியொரு மனைக்கு அது நியாயமான யோசனைதான். ஆனால் ஆயிரம் மனைகள் அந்த நிபந்தனையை ஒழுங்காக நிறைவேற்றினால், மேடாகாத ஆயிரத்தோராவது வீட்டில் தண்ணீர் இடுப்பளவுக்கு நிற்கும். ஒரு கோப்பு ஒரு மனையைத்தான் பார்க்கும். முழு வடிநிலத்தையும் சேர்த்து, நாற்பது ஆண்டு பின்னோக்கிப் பார்க்கும் வசதி வானத்திலிருந்துதான் கிடைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். இதெல்லாம் நிலத்தைக் கெடுத்த கதை. இதில் பருவநிலை மாற்றம் எங்கே வந்தது? கேள்வி நியாயமானது. 2015 சென்னை மழையை ஆராய்ந்த கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க் குழுவினர், அந்த ஒரு நாள் மழையில் புவி வெப்பமாதலின் விளைவைத் தங்களால் கண்டறிய முடியவில்லை என்றே 2016-இல் எழுதினார்கள். எல்லாவற்றையும் பருவநிலையின் தலையில் கட்டுபவர்களுக்கு இது உவப்பாக இருக்காது. மறைக்காமல் சொல்வதே முறை. எதிர்காலத்தைப் பொறுத்தவரை இயற்பியல் தெளிவாகவே பேசுகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஏந்தக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். ஆகவே பெருமழை இன்னும் பெருமழையாகும் வாய்ப்பு அதிகம். ஆனால் எந்த ஆண்டு, எந்த வடிநிலத்தில், எத்தனை சென்டிமீட்டர் என்று யாராலும் இன்று சொல்ல முடியாது. வெள்ளத்தை நிர்ணயிப்பவை இரண்டு: மேலிருந்து விழும் மழை, கீழே அதை வாங்கும் நிலம். முதலாவதில் நிச்சயமின்மை நிறைய. இரண்டாவதில் நம்மிடம் நாற்பதாண்டு அளவீடு இருக்கிறது; அதை மாற்றும் அதிகாரமும் நம் கையில் இருக்கிறது. வரப்போகும் மழையைத் துல்லியமாகக் கணிக்கும் மாதிரி கிடைக்கட்டும், பிறகு திட்டமிடுவோம் என்று காத்திருப்பதை விட, தண்ணீர் ஏற்கெனவே எங்கே நின்றது என்ற உறுதியான செய்தியை வைத்து இன்றே நடப்பது அறிவுடைமை. தகவமைப்பு என்ற பெரிய சொல்லுக்குள் இருக்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? நிலம் வாங்கும் எவரும் முன்பணம் கொடுப்பதற்கு முன் முப்பது ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். யார் யாருக்கு விற்றார், எந்த வங்கியில் அடமானம் இருக்கிறது என்று அதில் தெரியும். அதே போல, அந்த சர்வே எண்ணில் தண்ணீருக்கு இருந்த பாத்தியதை என்ன என்று காட்டும் ஒரு பக்கத்தையும் வில்லங்கச் சான்றோடு சேர்த்துத் தர வேண்டும் என்பது என் வாதம். 1984-இலிருந்து எத்தனை படங்களில் இந்த இடத்தில் தண்ணீர் தெரிந்தது, 2015-இலும் 2023-இலும் மூழ்கியதா, எந்த ஆண்டு மண் கொட்டப்பட்டது, எந்த ஏரியின் போக்குக் கால்வாய்க்கு எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது. இவ்வளவு போதும். சர்வே எண்களின் எல்லைகள் ஏற்கெனவே கணினியில் ஏறிவருகின்றன. அவற்றின் மேல் இந்தத் தரவைப் பொருத்துவது இன்றைய தொழில்நுட்பத்தில் கடினமான வேலை இல்லை. கடன் கொடுக்கும் வங்கி அதைப் பார்க்கும். காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். வாங்குபவர் பார்ப்பார். மூவரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே லே-அவுட் போடுபவரின் கணக்கு மாறும்.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் உடனே மடக்குவார்கள். சென்னையில் வெள்ளம் வருவது வடகிழக்குப் பருவமழையில். அப்போது வானம் முழுக்க மேகம். ஒளியில் படமெடுக்கும் லேண்ட்சாட்டுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும். தண்ணீர் நின்ற நாள்களைத் தவறவிட்டு, வடிந்த பிறகு வந்து படமெடுத்திருக்கும். போதாக்குறைக்கு 1980-களில் நம் பகுதிக்குக் கிடைக்கும் படங்களும் குறைவு. இந்தத் தடை உண்மையானது. அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு: இந்தச் சான்று ஒரு பக்கம் மட்டும் செல்லுபடியாகும். ஒரு கட்டத்தில் தண்ணீர் தெரிந்தால், அங்கே தண்ணீர் நின்றது என்பது உறுதி. தெரியவில்லை என்றால், நிற்கவே இல்லை என்று ஆகாது. ஆகவே தண்ணீர் தெரிந்த இடத்தில் கட்டக் கூடாது என்று தடுக்க இதைப் பயன்படுத்தலாம். தெரியாத இடத்தில் தாராளமாகக் கட்டு என்று சான்று கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது. இந்த வேறுபாட்டை விதியிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளை ஒரு மனை விளம்பரத்தில் ‘செயற்கைக்கோள் சான்று பெற்றது’ என்று போட்டு விற்பார்கள்.

மேகத்தைத் துளைக்கும் வழியும் இருக்கிறது. ரேடார் செயற்கைக்கோள் தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதை வாங்குகிறது; இரவும் மேகமும் அதற்குப் பொருட்டில்லை. இந்தியாவின் ரிசாட்-1 2012-இலும், ஐரோப்பாவின் சென்டினல்-1 2014-இலும் சென்றன. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. 12 நாளுக்கு இருமுறை பூமியின் நிலப்பரப்பை அளக்கும்படி அமைக்கப்பட்டது. அலையில்லாத நீர்ப்பரப்பில் படும் நுண்ணலை வேறு திசைக்கு வழுக்கிப் போய்விடுவதால் தண்ணீர் ரேடார் படத்தில் கறுப்பாக விழும். ஏரிக்கும் வயலுக்கும் இது அருமையாகப் பொருந்தும். தெருவில் சிக்கல் வருகிறது. தெருவில் தேங்கிய நீரில் பட்ட அலை எதிர்வீட்டுச் சுவரில் மோதி நேராகத் திரும்பி வந்துவிடும். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் பளிச்சென்று விழும். ஆழ்வார்பேட்டைச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீரா, கணுக்கால் அளவா என்று செயற்கைக்கோளிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு வார்டில் இருக்கும் ஆள்களும், சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறையும், மழைநீர் வடிகாலில் பொருத்தும் அளவுகோலும்தான் கதி. உயரத்தை அளப்பதிலும் இதே சிக்கல். 2000-ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்ட புவி உயர வரைபடத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். சென்னை போன்ற தட்டையான ஊரில் அரை மீட்டர் வித்தியாசம் ஒரு தெருவின் தலையெழுத்தையே மாற்றும். விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளப்பதற்குச் செலவு செய்தே ஆக வேண்டும்.

ஆனால் ரேடார் இன்னொன்றை அசாத்தியத் துல்லியத்துடன் செய்கிறது. ஒரே இடத்தை 12 நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, திரும்பி வந்த அலைகளின் ஏற்ற இறக்க நிலையை ஒப்பிட்டால், தரை சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் பல ஆண்டுத் தொடரில் பிடிபட்டுவிடும். ஜகார்த்தாவும் மெக்சிகோ நகரமும் நிலத்தடி நீரை உறிஞ்சித் தாழ்வதை இப்படித்தான் விரிவாக வரைந்திருக்கிறார்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு ஆகிய ஐந்து நகரங்களில் 2015 முதல் 2023 வரையிலான சென்டினல்-1 தரவுகளை அலசி 2025-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சுமார் 878 சதுர கிலோமீட்டர் நிலம் தாழ்ந்துகொண்டிருப்பதாகக் கண்டது. 1993-லிருந்து உலகக் கடல்மட்டம் சராசரியாகச் சுமார் 10 செ.மீ. உயர்ந்திருப்பதையும் செயற்கைக்கோள்களே அளந்தன. கடல் ஏற, தரை இறங்கினால், கடலோர வடிகாலின் வாய் எத்தனை ஆண்டுக்கு நீரை வெளியே விடும் என்று பொறியாளர்கள் இப்போதே கணக்குப் போட வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நகரத்தின் வெப்ப வரைபடம் என்று சிவப்பும் மஞ்சளுமாக நாம் பார்ப்பவை பெரும்பாலும் லேண்ட்சாட்டின் வெப்ப உணரி எடுத்தவை. அது அளப்பது தரை, கூரை ஆகியவற்றின் மேற்பரப்பு வெப்பத்தை; நாம் சுவாசிக்கும் காற்றின் வெப்பத்தை அது அளக்கவில்லை. அதுவும் காலை பத்து மணி சுமாருக்கு, 100 மீட்டர் நுணுக்கத்தில். சென்னையில் உயிரை வாட்டுவது இரவிலும் இறங்காத புழுக்கம். காற்றின் ஈரப்பதம் அந்தப் படத்தில் கிடையாது. இன்னொரு நுட்பமான தவறும் நேரும். துத்தநாகம் பூசிய தகரம் தன் வெப்பத்தை அகச்சிவப்பாக வெளியிடுவதில் மிகவும் பின்தங்கியது. அதனால் தொட்டால் கை பொசுங்கும் தகரக் கூரை, நுணுக்கமான வெப்பப் படத்தில் குளிர்ந்த இடமாக ஏமாற்றும். அதன் கீழே உட்கார்ந்து தையல் இயந்திரம் ஓட்டும் பெண்ணின் வெப்பம் வரைபடத்தில் விழாமல் போகலாம். வெயில் தடுப்புக்கான பணத்தை இப்படிப்பட்ட படத்தை மட்டும் நம்பிப் பங்கிட்டால், உதவி தேவைப்படும் வீடே பட்டியலில் விடுபடும். எங்கே மரம் அழிந்தது, எந்த வார்டில் நிழலே இல்லை என்று கண்டுபிடிக்கச் செயற்கைக்கோளை நம்பலாம். வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று அறிய வெப்பமானியோடு வீட்டுக்குள் போக வேண்டும்.

செயற்கைக்கோள் படத்துக்குச் சட்ட வலிமை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு, அது ஏற்கெனவே கிடைத்த ஒரு வழக்கு இருக்கிறது. அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2006-07-இன் படங்களைக் கொண்டு நாட்டின் ஈரநிலங்களை வரைந்து, 2011-இல் தொகுத்து வெளியிட்டது. அதில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை 2,01,503. அத்தனையையும் ஈரநில விதிகளின்படி பாதுகாக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 டிசம்பரில், புதிய தொகுப்பில் எண்ணிக்கை 2,31,195 ஆகியிருப்பதைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றையும் நேரில் சரிபார்த்து எல்லை அளக்கச் சொன்னது. ஆகவே படம் சட்டமாகும். ஆனால் இதே வழக்கு இரண்டு ஓட்டைகளையும் காட்டுகிறது. முதலாவது, 2.25 ஹெக்டேர் என்ற வரம்பு. அதைவிடச் சிறிய 5,55,557 ஈரநிலங்கள் அந்த வரைபடத்தில் பரப்பில்லாமல் வெறும் புள்ளிகளாக இருந்தன. அன்றைய உணரியின் நுணுக்கமும் வரைபடத்தின் அளவும் விதித்த எல்லை, பாதுகாப்பின் எல்லையாகவே ஆகிவிட்டது. குட்டை, தாங்கல், ஊருணி எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டன. நகரத்தில் முதலில் தூர்க்கப்படுபவையும் அவைதான். இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. 2017-இல் வந்த புதிய ஈரநில விதிகள், குடிநீருக்கும் பாசனத்துக்கும் என்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தின. தமிழ்நாட்டின் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காக நம் முன்னோர் வெட்டியவை. வானத்திலிருந்து பார்க்கும் உணரிக்கு அது தண்ணீர். விதியின் கண்ணுக்கு அது ஈரநிலம் ஆகாது. 10 மீட்டர் நுணுக்கம் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் இந்த இரண்டையும் திருத்தாமல் வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் ஏழைகளின் பக்கத்திலிருந்து வருகிறது. இந்தப் படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு முதலில் போய் நிற்பது ஆற்றங்கரைக் குடிசைகளின் முன்னால்தான் என்பது அந்த ஆட்சேபம். அதை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. 2015-க்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தி, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் தாழ்வான விளிம்பில். அங்கேயும் வெள்ளம் வந்தது. அந்த அடுக்குமாடிகளுக்கு அடித்தளம் போடுவதற்கு முன் பழைய படங்களை யாராவது ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கொடுமை நடந்திருக்காது. ஆகவே இந்த ஆட்சேபத்திலிருந்து, தரவே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. தரவு அரசின் கையில் மட்டும் இருந்தால் அது வலுவற்றவர் மேல்தான் பாயும். எல்லார் கையிலும் இருந்தால், ஆற்றங்கரைக் குடிசையைக் காட்டும் அதே வரைபடம் சதுப்புக்குள் நிற்கும் கண்ணாடிக் கட்டடத்தையும், அரசே கட்டிய குடியிருப்பையும் சேர்த்துக் காட்டும். ஒரே அளவுகோலை எல்லாருக்கும் வைக்கச் சொல்லி வழக்குப் போட அது மக்களுக்குச் சான்றாகும். மறுகுடியமர்த்தும் எந்த இடத்துக்கும் இந்தத் தண்ணீர் வரலாற்றை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்பதை முதல் விதியாக வைக்கலாம்.

இதெல்லாம் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியா, வேளச்சேரி ஏரி சுருங்கியது ஊருக்கே தெரியாதா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. தெரியும். ஆனால் ஊருக்குத் தெரிந்தது கோப்புக்குத் தெரியாது. ‘இங்கே எப்போதும் மேட்டு நிலம்தான்’ என்று ஒருவர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், அந்தப் பகுதிப் பெரியவர்களின் நினைவை நீதிமன்றத்தில் வைத்து அதை முறியடிப்பது கடினம். தேதியும் நேரமும் இடக்குறியும் பதிந்த நூற்றுக்கணக்கான படங்களை வைத்து முறியடிப்பது எளிது. அரசியல் துணிவுக்கு எந்தச் செயற்கைக்கோளும் மாற்றாகாது. ஆனால் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கும் வழியை அது அடைத்துவிடும்.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் வந்தது. அதன் காலம் 2026-ஓடு முடிகிறது. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரை இந்த நகரத்தை ஆளப்போகிறது. எந்த சர்வே எண் குடியிருப்பு, எது வணிகம், எதைத் தொடக் கூடாது என்று இருபது ஆண்டுகளுக்கு எழுதிவைக்கும் ஆவணம் அது. அதன் நிலப்பயன்பாட்டு வரைபடத்தின் மேல் 1984 முதலான நீர் வரலாற்றைப் பொருத்தி, இரண்டையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்படி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒவ்வொரு குடியிருப்போர் நலச் சங்கமும் எழுதிக் கேட்க வேண்டும். அதுவரை, மனைக்கு முன்பணம் கொடுக்கப்போகும் ஒவ்வொருவரும் ஐரோப்பிய ஆணையத்தின் அந்த நீர்ப்பரப்பு வரைபடத்தை இணையத்தில் திறந்து, தாம் வாங்கப்போகும் இடத்தைத் தேடிப் பாருங்கள். அங்கே ஒரு துளித் தண்ணீர் தெரிந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.